பச்சைக் கதவுக்குப் பத்துக்கு மூன்று

ஆகஸ்ட் 2
சலவைக்கல் ஓட்டல், மூன்றாம் மாடி

நீரேற்று நிலையத்தின் தலைமைப் பொறியாளரும், இருபத்தேழு வருடங்களாக என் மனைவியுமான உனக்கு (கடைசி இரண்டு வருடங்கள் தகராறில் உள்ளன என்று ஓரத்தில் குறித்துக்கொள்ளவும்),

போன் செய்தால் நீ எடுக்கமாட்டாய். "நீங்க பேசினா நான் சிரிச்சிடுவேன். சிரிச்சா கோபம் போயிடும். அது போறதுக்கு இன்னும் வேளை வரலை. ஏதாவது சொல்லணும்னா எழுதுங்க" என்று போன வருடம் சொல்லிவிட்டு வைத்தாய். ஆகவே எழுதுகிறேன். இங்கே போன் பேச வேண்டுமானால் மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டியின் மேல் ஏறி ஒற்றைக் காலில் நிற்க வேண்டும். என் உடம்புக்கு அது தவம். தொட்டிக்கு அது சோதனை.

எங்கிருந்து எழுதுகிறேன் என்று கேட்கமாட்டாய், நானே சொல்கிறேன். அதே தீவுதான். நம் வெள்ளி விழாவுக்கு உன்னை அழைத்து வந்து, குழாயில் தண்ணீர் நின்று, நீ தலை நிறைய சோப்பு நுரையோடு நின்றாயே, அதே தீவு. பல்லைக் கடிக்காதே. இது என் யோசனை இல்லை, உன் அருமைத் தம்பியின் யோசனை. அவனுடைய பயண ஏஜென்சிக்கு இந்தத் தீவில் மூன்று ஓட்டல் வேண்டுமாம். ஆளை மயங்கவைக்கும் விலையும் கூடாது, ஆளைக் கடிக்கும் மூட்டைப்பூச்சியும் கூடாது. நடுவில் ஏதாவது.

"அத்தான், இணையத்துல பார்த்தா எல்லா ஓட்டலும் தனக்குத் தானே அஞ்சு நட்சத்திரம் குத்திக்கிட்டு நிக்குது. அனுபவிச்சவர் நீங்கதான். போய்ப் பார்த்துட்டு வாங்க" என்றான். அந்தக் குளியலைப் பற்றி வார இதழில் நான் எழுதிய கட்டுரையைப் படித்துவிட்டுத்தான் இந்த முடிவுக்கு வந்தானாம். ஒரு கட்டுக் காகிதமும் கொடுத்தான். ஓட்டலுக்கு ஒரு தாள். கடைசிக் கட்டத்தில் 'நம்பகத்தன்மை: பத்துக்கு' என்று போட்டிருக்கிறது.

இங்கே மதியம் மூன்று மணிக்கு மின்சாரம் போய்விடுகிறது. மின்விசிறி உடனே நிற்பதில்லை. யோசித்து, யோசித்து, ஒவ்வொரு சுற்றையும் இது கடைசியோ என்று சந்தேகப்பட்டபடி சுற்றுகிறது. நான் படுத்தபடி அதையே பார்த்துக்கொண்டிருப்பேன். அது நின்றதும் கடல் சத்தம் அறைக்குள் வந்து கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்துகொள்கிறது. கூரையில் நீர் வெளிச்சம் நெளிகிறது. அப்புறம் அறை முழுக்கவே கட்டவிழ்ந்த படகு மாதிரி மெல்ல நகர ஆரம்பிக்கிறது. மின்சாரம் திரும்ப வரும்போது ஊரிலுள்ள எண் கடிகாரமெல்லாம் 'பன்னிரண்டு, பன்னிரண்டு' என்று கண் சிமிட்டும். யாரும் திருத்துவதில்லை. ஆகவே இந்தத் தீவில் எப்போதும் பன்னிரண்டு மணி.

நேற்று அந்தப் பழைய ஓட்டலைத் தேடிப் போனேன். காணோம். இடித்துவிட்டார்கள் போல. நல்லதுதான்.

இப்படிக்கு,
உன் வீட்டுக்காரர் (வீட்டில் தனியாக இருப்பதால் அந்தப் பட்டம் முழுக்க எனக்கே)


ஆகஸ்ட் 6
நீரேற்று நிலையக் குடியிருப்பு

கடிதம் கிடைத்தது.

நான் தலைமைப் பொறியாளர் இல்லை. செயற்பொறியாளர். இருபத்தேழு வருடத்தில் இதைத் தெரிந்துகொண்டிருக்கலாம்.

நான் பட்ட அவதியை வைத்து முதலில் கட்டுரை எழுதினீர்கள். இப்போது அதே அவதியை வைத்து வேலையும் வாங்கிவிட்டீர்கள். இன்னும் ஒரு சோப்புக் கட்டி மிச்சம் இருக்கிறது, வேண்டுமானால் அனுப்பிவைக்கிறேன்.

எனக்கு இந்த நிலையத்தில் இரண்டு வருடம் முடிகிறது. விருப்பப் படிவம் வந்திருக்கிறது. இன்னும் மூன்று வருடம் இங்கேயே இருக்கிறேனா, நம்ம ஊருக்குத் திரும்புகிறேனா என்று முப்பதாம் தேதிக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும். மேசையில்தான் கிடக்கிறது. அதன் மேல் தேநீர்க் கோப்பையை வைக்காமல் பார்த்துக்கொள்கிறேன், அவ்வளவுதான் இப்போதைக்கு. உங்கள் கடிதங்களைப் படித்துவிட்டுத்தான் முடிவு செய்வேன் என்று நினைக்க வேண்டாம். உங்கள் கடிதங்கள் சிரிப்பாக இருக்கும். அதுதான் எனக்குப் பயம்.

ஓட்டல் விஷயம். நீங்கள் பார்க்கிற லட்சணத்தில் பார்த்தால் என் தம்பி கடையை மூடவேண்டியதுதான். வரவேற்பறையைப் பார்க்காதீர்கள். துணி துவைக்கிற அம்மாளிடம் போய் எத்தனை மணிக்குத் துவைக்கிறார் என்று கேளுங்கள். அவர் விடியற்காலையில் எழுந்து துவைக்கிறார் என்றால் பகலில் தண்ணீர் இல்லை. கீழே எத்தனை லிட்டர் தொட்டி, மேலே எத்தனை லிட்டர், எத்தனை அறை, மூன்றையும் கேளுங்கள். ஜெனரேட்டர் இருக்கிறதா என்று கேட்காதீர்கள், இருக்கிறது என்றுதான் சொல்வார்கள். ஓடவிட்டுக் காட்டச் சொல்லுங்கள்.

மொட்டை மாடித் தொட்டியின் மேல் ஏறவேண்டாம். மூடி உங்களைத் தாங்காது.


ஆகஸ்ட் 10
சலவைக்கல் ஓட்டல்

செயற்பொறியாளர் அவர்களுக்கு,

திருத்தம் ஏற்கப்பட்டது. 'மூடி உங்களைத் தாங்காது' என்ற வரியை மட்டும் நாலு தடவை படித்தேன். என் எடையைப் பற்றிய கிண்டலா, என் உயிரைப் பற்றிய கவலையா என்று தெரியவில்லை. இரண்டாவது என்று எடுத்துக்கொண்டு அன்று மதியம் நன்றாகத் தூங்கினேன்.

இதுவரை ஒன்பது ஓட்டல் பார்த்தாயிற்று. பெயர்ப்பலகையிலுள்ள பெயர்கள் எல்லாம் ஒன்று போலவே இருப்பதால் நானே பெயர் வைத்திருக்கிறேன். 'மூன்று பூனை' என்று ஒன்று. விருந்தாளிகளைவிடப் பூனைகளுக்குத் தலையணை அதிகம். 'மாமியார் வீடு' என்று ஒன்று. எதைத் தொட்டாலும் தொடாதே என்று ஒரு அட்டை தொங்கும். அறைக் கதவு உள்ளே பூட்டாமல் வெளியே மட்டும் பூட்டுகிற ஓட்டலும் ஒன்று உண்டு. அதற்குப் பெயர் வைக்கத் தைரியம் வரவில்லை.

முதல் இடம் சலவைக்கல்லுக்குத்தான். தரையில் என் முகம் தெரிகிறது. பார்க்க வேண்டிய காட்சி இல்லை என்றாலும் தெரிகிறதே, அதுவே பெரிசு. லிஃப்ட் உண்டு. ஜெனரேட்டர் உண்டு. மேனேஜர் கழுத்துப் பட்டி கட்டியிருக்கிறார். பத்துக்கு ஒன்பது.

கடைசி இடம் எதிர்ச் சந்திலிருக்கும் 'பச்சைக் கதவு'. இரண்டு மாடி, பன்னிரண்டு அறை. போனவுடன் கல்லாவில் ஒரு கரும்பலகை. 'இன்று தண்ணீர் ஆறு முதல் எட்டு வரை. மின்சாரம் மூன்று மணிக்குப் போகும், எப்போது வரும் என்று தெரியாது' என்று எழுதி வைத்திருக்கிறார்கள். கல்யாணத்துக்கு வந்தவனிடம் சாப்பாடு தீர்ந்துவிட்டது என்று வாசலிலேயே சொல்கிற மாதிரி! குளியலறைக்குள் மூடி போட்ட இரண்டு வாளி, நிரம்பி நிற்கிறது. மேசையில் மெழுகுவத்தியும் தீப்பெட்டியும். வாளி வைத்திருக்கிறார்கள் என்றால் குழாய் வராது என்றுதானே அர்த்தம்? ஓட்டலம்மாவிடம் நாசூக்காகக் கேட்டேன்.

"ஆமாங்க, நிக்கும். நின்னாத்தானே வாளி?" என்றார், என்னவோ நான்தான் புரியாமல் கேட்கிற மாதிரி.

பத்துக்கு மூன்று. அதுவும் உண்மை பேசியதற்காக.

சாயங்காலம் கடற்கரையில் நடந்தேன். ஊரில் விளக்கில்லாததால் வானம் கடைசி வரை வெளுத்தே இருக்கிறது. எதிரே வருகிறவர்கள் எல்லாரும் தெரிந்தவர்கள் போலத் தெரிந்து, கிட்டே வந்ததும் யாரோ ஆகிவிடுகிறார்கள். ஒரு பெண் உன்னைப் போலவே இடது தோளைச் சாய்த்து நடந்து வந்தார். நான் சிரித்தேன். அவர் பாதையை மாற்றிக்கொண்டார். நீயாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பாய்.

படிவத்தின் மேல் கோப்பையை வைத்தால்தான் என்ன? கறை பட்டால் புதுப் படிவம் கேட்கலாம், நாலு நாள் கூடக் கிடைக்கும்.


ஆகஸ்ட் 14
நீரேற்று நிலையக் குடியிருப்பு

நீங்கள் போட்ட மதிப்பெண்ணைப் படித்துவிட்டு அலுவலகத்தில் வாய்விட்டுச் சிரித்தேன். உங்கள் நகைச்சுவைக்கு இல்லை, உங்கள் அறிவுக்கு.

வாளி நிரப்பி வைத்திருக்கிறவருக்குத் தண்ணீர் எப்போது நிற்கும் என்று தெரியும். நிற்கும் என்று தெரிந்தவர் அதற்கு ஏற்பாடு செய்து வைத்திருக்கிறார். வாளியே இல்லாத ஓட்டலில் இரண்டில் ஒன்றுதான். தண்ணீர் நிற்கவே நிற்காது, அல்லது நின்றால் உங்களுக்கு என்ன ஆகும் என்று யாரும் யோசிக்கவில்லை. அந்தத் தீவில் முதலாவது கிடையாது.

சலவைக்கல்லில் ஜெனரேட்டரை ஓடவிட்டுப் பார்த்தீர்களா? பார்த்திருக்கமாட்டீர்கள். கழுத்துப் பட்டியைப் பார்த்திருப்பீர்கள்.

பச்சைக் கதவைப் பற்றி எனக்குச் சில சந்தேகம். படிக்கட்டில் ஏழாவது படி மற்ற படிகளைவிட உயரம் குறைவா? மாடி பால்கனியிலிருந்து பார்த்தால் ஒரு விளக்குக் கம்பம் கடல் பக்கமாகச் சாய்ந்து நிற்கிறதா? பின்கட்டில் கிணறு இருக்கிறதா, அதன் பக்கத்தில் தகரக் கூரை போட்ட மோட்டார் அறை இருக்கிறதா?

இருந்தால் அந்த மோட்டார் அறைக்குள் ஒரு தடவை போய்ப் பாருங்கள். பார்த்த பிறகு எழுதுங்கள்.


ஆகஸ்ட் 18
பச்சைக் கதவு, அறை எண் ஐந்து

முகவரியைப் பார்த்ததும் உன் முகத்தில் ஒரு வெற்றிச் சிரிப்பு வந்திருக்கும். வரட்டும்.

திங்கட்கிழமை மதியம் சலவைக்கல் லிஃப்டில் மேனேஜரோடு ஏறினேன். மணி மூன்று. இரண்டாம் மாடிக்கும் மூன்றாம் மாடிக்கும் நடுவில் லிஃப்ட் நின்றது. "ஒண்ணும் பயப்படாதீங்க சார், இப்ப ஜெனரேட்டர் வந்துரும்" என்றார். பத்து நிமிடம் கழித்து, "ஜெனரேட்டர் ரூம் சாவி முதலாளிகிட்ட இருக்கு சார்" என்றார். அரை மணி கழித்து, "முதலாளி தீவிலே இல்லை சார்" என்றார். ஒரு மணி நேரம் ஆனதும் கழுத்துப் பட்டியைக் கழற்றிப் பையில் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்து, "நான் இங்க சேர்ந்து மூணு மாசம்தான் ஆகுது சார், அந்த ஜெனரேட்டரை நானே பார்த்ததில்லை" என்று சொல்லிவிட்டு என் தோளில் சாய்ந்து தூங்கிப்போனார். பாவம்.

இருட்டில் நானும் கண்ணயர்ந்தேன். கனவில் நீ வந்தாய். காக்கிச் சட்டையும் பெரிய ஸ்பானருமாக வெளியிலிருந்து கதவைத் திறந்தாய். உள்ளே முழுக்கத் தண்ணீர், நான் மீன் மாதிரி நின்றுகொண்டிருக்கிறேன். "எத்தனை லிட்டர்?" என்று கேட்டாய். எனக்குப் பதில் தெரியவில்லை. நீ கதவைத் திரும்பச் சாத்திவிட்டாய். மெதுவாகத்தான் சாத்தினாய். அது இன்னும் கொஞ்சம் வலித்தது.

ஐந்து மணிக்கு வெளியே வந்து குளிக்கப் போனால் குழாய் இருமுகிறது. வாளி கேட்டேன். சலவைக்கல் தரையில் வாளி வைத்தால் அழகு கெட்டுவிடுமாம். பெட்டியைத் தூக்கிக்கொண்டு எதிர்ச் சந்துக்கு வந்துவிட்டேன். ஓட்டலம்மா ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "லிஃப்டா?" என்றார். "ஆமா" என்றேன். சாவியைக் கொடுத்துவிட்டார்.

உன் சந்தேகங்கள். ஏழாவது படி குள்ளம்தான், தினமும் இரண்டு தடவை தடுக்குகிறேன். கம்பம் சாய்ந்துதான் இருக்கிறது, கடலிடம் குனிந்து எதையோ கேட்கிற மாதிரி. கிணறு உண்டு. தகரக் கூரையும் உண்டு. உனக்கு எப்படித் தெரியும்? நீரேற்று நிலையத்தில் ஜோசியமும் சொல்லித் தருகிறார்களா? மோட்டார் அறைக்கு நான் போகவில்லை. அதெல்லாம் உன் இலாகா.

என் இலாகாவுக்கு வருகிறேன். ஒரு கட்டுரை எழுதினேன். நாலு பேர் சிரித்தார்கள். நீயும் முதல் தடவை படிக்கும்போது சிரித்தாய், நான் பார்த்தேன். அடுத்த மாதம் மாற்றல் வாங்கிக்கொண்டு போய்விட்டாய். ஒரு தலை நுரைக்கு இரண்டு வருடத் தண்டனையா? கொலை செய்தவனுக்குக்கூட என்ன குற்றம் என்று படித்துக் காட்டுகிறார்கள். எனக்கு அதுகூட இல்லை. படிவத்தில் என்ன எழுதினாலும் எழுது. ஆனால் அதற்கு முன்னால் ஒரு தடவை சொல்லிவிடு.


ஆகஸ்ட் 21
நீரேற்று நிலையக் குடியிருப்பு

சொல்கிறேன்.

நான் கோபப்பட்டது நீங்கள் சிரித்ததற்காக இல்லை. நானும்தான் சிரித்தேன். தலையில் நுரையோடு நிற்கிற பொம்பளையைப் பார்த்தால் யாருக்கும் சிரிப்பு வரும்.

அன்றைக்கு என்ன நடந்தது? தண்ணீர் நின்றது. நீங்கள் பால்கனியில் நின்று, "வந்து பாரேன், சூரியன் எப்படி இறங்குதுன்னு" என்றீர்கள். கண்ணைத் திறக்க முடியாதவளிடம். நான் துண்டைத் தலையில் சுற்றிக்கொண்டு, ஏழாவது படியில் தடுக்கி, பின்கட்டு மோட்டார் அறைக்குப் போனேன். மோட்டார் சும்மா சுற்றிக்கொண்டிருந்தது, காற்றை இழுத்துக்கொண்டு. ஓட்டையைக் கண்டுபிடித்து அடைத்தேன். குடிக்க வைத்திருந்த பாட்டில் தண்ணீரை ஊற்றி மோட்டாரை இழுக்கவைத்தேன். பன்னிரண்டு அறைக்கும் தண்ணீர் வந்தது. மேலே வந்து உங்களிடம் சொன்னேன். "அட! நீதானா!" என்றீர்கள். அந்த 'அட' எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. அவ்வளவு சந்தோஷமாகச் சொன்னீர்கள்.

ஆனால் கட்டுரையில் அது இல்லை. கட்டுரை நான் நுரையோடு கத்துவதில் முடிகிறது. ஏன் என்று கேட்டேன். "அதைச் சேர்த்தா சிரிப்பு இறங்கிடும்மா" என்றீர்கள். நினைவிருக்கிறதா? இருக்காது. தோசைக்கு உப்புப் போதுமா என்கிற மாதிரி சொன்னீர்கள்.

நீர் வாரியத்தில் இருபத்துநாலு வருடம். எத்தனை ஊருக்குத் தண்ணீர் கொண்டுபோனேன். உங்கள் கட்டுரை வந்த வாரத்திலிருந்து என் அலுவலகத்தில் எனக்கு 'நுரையம்மா' என்று பெயர். அறிவிப்புப் பலகையில் ஒட்டினார்கள். நான் உள்ளே வந்தால் பேச்சு நிற்கும். அங்கே உட்கார முடியாமல்தான் மாற்றல் கேட்டேன். இரண்டு வருடமாக வாசகர்கள் எல்லாரும் என்னைக் கண்ணை மூடிக்கொண்டு நிற்கவைத்துவிட்டுப் போய்விட்டார்கள். கழுவ ஒரு சொம்புத் தண்ணீர் நீங்கள் கொடுக்கவில்லை.

நீங்கள் இருப்பது அதே ஓட்டல்தான். இன்னுமா தெரியவில்லை?

மோட்டார் அறைக்குப் போங்கள்.


ஆகஸ்ட் 24
பச்சைக் கதவு

என் மனைவிக்கு,

உன் கடிதத்தைப் படகுத்துறையிலேயே பிரித்துப் படித்தேன். பிறகு எவ்வளவு நேரம் அங்கே உட்கார்ந்திருந்தேன் என்று தெரியாது. டிக்கெட் கவுண்டர் கடிகாரம் பன்னிரண்டு என்றது.

எனக்கு ஏன் இந்த ஓட்டல் அடையாளம் தெரியவில்லை என்று யோசித்தேன். வழி தெரியாதவன் என்பது ஊரறிந்தது, தெருமுனை மாவு மில்லை இடம் மாற்றினால் நான் சொந்த வீட்டுக்கே போய்ச் சேரமாட்டேன். ஆனால் காரணம் அது இல்லை. சிரிப்புக்காக இந்த ஓட்டலை நாலு மாடி என்று எழுதினேன். கூரை ஒழுகியது என்று எழுதினேன். அப்படிப்பட்ட ஓட்டலைத்தான் வந்து தேடியிருக்கிறேன். நான் எழுதிய ஓட்டல் எங்கேயும் இல்லை. இருந்த ஓட்டலுக்கு மூன்று மதிப்பெண் போட்டுவிட்டு, அதன் ஏழாவது படியில் தினமும் தடுக்கிக்கொண்டிருந்தேன்.

மோட்டார் அறைக்குப் போனேன். ஓட்டலம்மாதான் கதவைத் திறந்துவிட்டார். தகரத்தின் ஓட்டைகள் வழியாக வெயில் காசு காசாக விழுந்துகொண்டிருந்தது. கிணற்றுக் குளிர்ச்சி. மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது, தூங்குகிறவர் மூச்சு மாதிரி ஒரே சீராக. கிணற்றிலிருந்து வரும் குழாயில், மோட்டாருக்குக் கொஞ்சம் முன்னால், ஒரு செருப்பு வாரைச் சுற்றி, அதற்கு மேல் இறுக்கிக் கட்டி...

என் பெல்ட்.

பித்தளைக் கொக்கியை வைத்து இல்லை, ஓட்டையை வைத்து அடையாளம் தெரிந்தது. வயிறு பெருக்கப் பெருக்க நான் ஆணியால் குத்திய நாலாவது ஓட்டை, கோணலாக. அந்தப் பயணத்தில் தொலைந்தது என்று இரண்டு வருடமாகப் புலம்பிய பெல்ட். இடுப்பைக் கையில் பிடித்துக்கொண்டு ஊர் திரும்பிய கதையை எத்தனை பேரிடம் சொல்லியிருக்கிறேன்! கட்டுரையிலும் எழுதினேன், 'அறையைக் கூட்ட வந்தவரின் கண்ணில் என் பெல்ட்டைக் கண்டேன்' என்று. நீ ஒரு வார்த்தை சொல்லவில்லை. நான் கேட்கட்டும் என்று காத்திருந்தாயா?

"இது என்னங்க?" என்றேன்.

"அதுவா? ரெண்டு வருஷத்துக்கு முன்னால ஒரு அம்மா வந்து தங்கினாங்க. தலையெல்லாம் நுரை. விடுவிடுன்னு வந்து, 'தள்ளுங்க'ன்னு சொல்லிட்டுக் கட்டினாங்க. கட்டி முடிச்சிட்டுச் சொன்னாங்க, 'தண்ணி நிக்கிறது தப்பில்லம்மா, நிக்கும்னு சொல்லாததுதான் தப்பு. வாளி நிரப்பி வைங்க, நேரத்தை எழுதி வைங்க'ன்னு. அன்னியிலேர்ந்து அப்படித்தான் செய்யறோம். பெல்ட்டை மாத்தணும்னு நினைக்கறதுதான். ஆனா கை வைக்கப் பயமா இருக்கு. நின்னுட்டா?"

பிறகு கல்லா மேசையின் இழுப்பறையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்துக் காட்டினார். என் கட்டுரை. மடிப்பில் கிழிந்து, ஒட்டி வைத்தது. ஏதோ பயணி கொண்டுவந்து கொடுத்தாராம்.

"இதை எழுதின மகாராசன் மட்டும் என் கையில கிடைக்கட்டும். எட்டு மாசம் ஒருத்தர் வரலை. பேரை மாத்தி, பெயின்ட் அடிச்சுப் பார்த்தோம். அன்னிக்கு அறையைக் கூட்டினது யார் தெரியுமா? என் வீட்டுக்காரர்! ஓட்டல் முதலாளி! அவர் போய் ஒரு பெல்ட்டை எடுப்பாரா? அவர் வேட்டி கட்டறவருங்க!"

ஓடிவிடலாம் என்றுதான் முதலில் தோன்றியது. ஓடவில்லை. "நான்தாங்க அந்த மகாராசன்" என்றேன்.

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். பெல்ட்டைப் பார்த்தார். என் வயிற்றைப் பார்த்தார். அளவு சரியாக இருந்திருக்க வேண்டும். உள்ளே திரும்பி, "என்னங்க, இங்க வாங்க, பெல்ட்டுக்காரர் வந்திருக்கார்!" என்று கூப்பிட்டார். அவர் வீட்டுக்காரர் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டே வந்தார். சாதுவான மனிதர். மன்னிப்புக் கேட்டேன். துண்டை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டு, "ஜோக்கு நல்லாத்தான் இருந்துச்சு சார். எங்களைப் பத்தின்னு தெரியறதுக்கு முன்னாடி" என்றார். இத்தனை வருடத்தில் என் எழுத்துக்கு இப்படி ஒரு விமர்சனம் வந்ததில்லை.

ஓட்டலம்மா தீர்ப்புச் சொன்னார். தினமும் காலை ஆறிலிருந்து எட்டு வரை, பன்னிரண்டு அறைக்கும் இருபத்துநாலு வாளி, நான்தான் நிரப்ப வேண்டும். இன்று இரண்டாம் நாள். முதுகு என்று ஒன்று எனக்கு இருந்ததை மறந்திருந்தேன், ஞாபகப்படுத்திவிட்டது.

கட்டுரையைத் திரும்ப எழுதி வார இதழுக்கு அனுப்பிவிட்டேன். உன் பேச்சை மீறித் தொட்டி மேல் ஏறி ஒற்றைக் காலில் நின்று ஆசிரியரோடு பேசினேன். "சார், கடைசியில சிரிப்பு இறங்கிடுதே?" என்றார். "இறங்கட்டும், தண்ணி ஏறுதில்ல" என்றேன். மூடி லேசாகக் கீறல் விட்டது. நீ சொன்னது சரி. கடைசிப் பாராவை மட்டும் இங்கே எழுதுகிறேன்.

'நான் சூரியன் இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கீழே மோட்டார் அறையில் என் மனைவி, கண்ணில் சோப்பு எரிய, என் பெல்ட்டால் வால்வைக் கட்டிக்கொண்டிருந்தாள். சட்டென்று ஓட்டல் முழுக்க ஒரு சத்தம் கேட்டது. மூடாமல் விட்டிருந்த பன்னிரண்டு குழாயும் ஒரே நேரத்தில் இருமி, தும்மி, பாட ஆரம்பித்தன. ஒவ்வொரு அறையிலிருந்தும் யாரோ சிரித்தார்கள். அந்தச் சிரிப்பைத்தான் முதல் தடவை நான் எழுதாமல் விட்டேன். சிரிக்கத் தெரிந்தவன் என்று பெயர் எடுத்தவனுக்கு, எது சிரிப்பு என்று தெரிய இரண்டு வருடமும் இருபத்துநாலு வாளியும் ஆயிற்று.'

படிவத்தைப் பற்றி நான் எதுவும் கேட்கவில்லை. பச்சைக் கதவுக்கு எத்தனை போடலாம் என்று மட்டும் சொல். மூன்றை அடித்துவிட்டேன். பத்து போடட்டுமா?


ஆகஸ்ட் 28
நீரேற்று நிலையக் குடியிருப்பு

கடைசிப் பாராவைப் படித்தேன். திருத்தம் ஒன்றுதான். அது வால்வு இல்லை. உறிஞ்சு குழாயின் இணைப்பு. வால்வு கிணற்றுக்குள் இருக்கிறது. ஆசிரியருக்கு உடனே சொல்லி மாற்றுங்கள். தொட்டி மேல் ஏறாமல்.

பத்து போடாதீர்கள். எந்தக் குழாய்க்கும் பத்து கிடையாது, எந்த மனுஷருக்கும் கிடையாது. எட்டு போடுங்கள்.

படிவத்தை இன்று காலை கொடுத்துவிட்டேன். முதல் விருப்பம் என்ற இடத்தில் நம்ம ஊர்ப் பெயரை எழுதினேன். இரண்டாவது விருப்பம் என்ற இடத்தைக் கோடு போட்டு அடித்துவிட்டேன். இதற்கு உங்கள் கட்டுரைதான் காரணம் என்று யாரிடமும் சொல்லிக்கொண்டு திரிய வேண்டாம். இங்கே வெயில் ஜாஸ்தி.

ஒரு பெல்ட்டையும் செருப்பு வாரையும் நம்பிப் பன்னிரண்டு அறையை விட்டுவைக்க முடியாது. அது ஒரு ராத்திரி தாங்கினால் போதும் என்று கட்டியது. இரண்டு வருடம் எப்படித் தாங்கியது என்று எனக்கே தெரியவில்லை. புது இணைப்பும் வாஷரும் வாங்கிவிட்டேன். செவ்வாய்க்கிழமைப் படகில் வருகிறேன். மூன்று மணிக்கு மேல்தான் வந்து சேரும், மின்சாரம் இருக்காது.

பயணத்தில் தலையெல்லாம் உப்புக் காற்று படும். வந்ததும் குளிக்க வேண்டும். ஐந்தாம் அறையில் இரண்டு வாளி போதாது, நாலு நிரப்பி வையுங்கள். நீங்களே.